பல்லுக்காரர் கடிக்காத மணிகள்

அத்தியாயம் 6

நான்கு மணிக்கு மேஸ்திரியை நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். இப்போது மணி ஒன்றரை. ஒரு மனிதர் எப்படிச் செத்தார் என்பதை அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். ரேடியோவுக்குப் பசி வேறு.

"அக்கா, வெறும் வயித்துல யோசிச்சா மூளை தப்பாத்தான் யோசிக்கும்," என்றான்.

"உனக்கு நிறைஞ்ச வயித்துலயும் அப்படித்தானே," என்றாள் சல்லடை, நடையைக் குறைக்காமல்.

அவள் இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் மதிப்பிட்டவள். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, நனைந்த சரக்கு என்று பார்த்துப் பார்த்து, மனிதர்கள் எந்த இடத்தில் பொய் சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்ததும் போலீஸ்காரர்கள் வைத்த பெயர்தான் சல்லடை. அவளுடைய உதவியாளன் ரேடியோ, நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, பழைய பஸ் கண்டக்டர். அவன் வாய் தூங்கும்போது மட்டும்தான் மூடும். அதுவும் சந்தேகம் என்பது அவன் மனைவியின் வாக்குமூலம்.

காவல் நிலைய பெஞ்சில் பல்லுக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் அவள் புருஷன் செத்தார். அவரைக் கொன்றதாக அவளுடைய அண்ணனை, மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரியை, பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியாமல் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லுக்காரர் மக்காச்சோளக் கிடங்குகளில் தரம் பார்க்கிறவர். ஈரம் பார்க்கும் மெஷினை நம்பாதவர். ஒரு மணியைக் கடைவாயில் வைத்து ஒரு கடி. 'டக்' என்று உடைந்தால் காய்ந்த சரக்கு, நசுங்கினால் ஈரச் சரக்கு. ஈரம் ஏறினால் விலை இறங்கும் என்பதால் அந்தப் பல்லுக்குக் கிடங்குகள் இருக்கும் யார்டில் தனி மரியாதை. முந்தாநாள் சாயங்காலம் நான்காம் நம்பர் கிடங்குக்குள், கதவிலிருந்து இரண்டடி தள்ளி, அவர் குப்புறக் கிடந்தார்.

கிடங்கின் கதவில் மண்டையோடு வரைந்த அட்டை தொங்கியது. 'மாத்திரை போடப்பட்டுள்ளது. ஏழு நாள் யாரும் உள்ளே வரக்கூடாது.' யார்டில் மாத்திரை என்றால் காய்ச்சலுக்குப் போடுவது இல்லை. வண்டைக் கொல்லத் தானியத்துக்குள் வைப்பது. அதிலிருந்து வரும் புகைக்கு வண்டு, மனிதன் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

இன்ஸ்பெக்டர் கைப்பேசியை மேஜையில் திருப்பி வைத்தார். செத்தவரின் கைப்பேசி. மேஸ்திரி அனுப்பிய செய்தி திரையில் இருந்தது.

'மாத்திரை போடல. தைரியமா உள்ள போங்க மாப்ள.'

"பார்த்தீங்களா மேடம். மாத்திரை போட்டேன்னு சீட்டுல கையெழுத்து போட்டதும் இவன்தான். போடலைன்னு செய்தி அனுப்பினதும் இவன்தான். சாவியைக் கொடுத்ததும் இவன்தான். ரெண்டுல எது பொய்னு செத்தவரே சொல்லிட்டுப் போயிட்டாரு."

"மேஸ்திரி என்ன சொல்றார்?"

"கையெழுத்துதான் பொய்ங்கிறான். கிடங்கு முதலாளி போடச் சொன்னாராம், போட்டானாம். நிஜத்துல மாத்திரையே வைக்கலையாம். போன வாரம் யார்டுல பத்து பேர் பார்க்க மச்சானும் மாப்பிள்ளையும் சட்டையைப் பிடிச்சிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"என்னத்துக்குச் சண்டை?"

"இருப்புச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுன்னு இவன். கடிச்சுப் பார்க்காம போடமாட்டேன்னு அவரு."

சல்லடை வராந்தாவுக்கு வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணன் செஞ்சிருக்கக் கூடாதுங்க," என்றாள் அவள். "செஞ்சிருக்க மாட்டார்னு சொல்லத் தெரியல. செஞ்சிருக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு. அண்ணனும் இல்லைன்னா எனக்குன்னு சொல்லிக்க ஒரு ஆள் கிடையாது. எனக்கு அது தெரிஞ்சாகணும்."

மடியிலிருந்து ஆஸ்பத்திரி உறையை எடுத்துக் கொடுத்தாள். கைக்கடிகாரம், பேனா, ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். பொட்டலத்துக்குள் மக்காச்சோள மணிகள்.

"வாயில இருந்துச்சாம். தொழில் பக்தின்னு சொல்லி அங்க ஒருத்தன் சிரிச்சான்."

"சாகும்போதும் டூட்டியில இருந்த மனுஷன்," என்று ஆரம்பித்த ரேடியோ, அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கினான். அவன் வாழ்க்கையில் முடிக்காமல் விட்ட முதல் ஜோக் அதுவாகத்தான் இருக்கும்.

சல்லடை மணிகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். பதினேழு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை மணியை ஒரு தடவையில கடிப்பார்?"

"ஒண்ணுதான். கடிச்சதைத் துப்பிட்டுத்தான் அடுத்தது. ரெண்டு சேர்ந்தா சத்தம் கலந்துடும்னு சொல்வார்."

சல்லடை பொட்டலத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "இன்ஸ்பெக்டர், ஜீப்பை எடுங்க," என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சலித்துக்கொண்டே தொப்பியை எடுத்தார்.

*

யார்டுக்குப் போகும் சாலை முழுக்க டிராக்டர்கள் வரிசையில் நின்றன. அறுவடை முடிந்து சரக்கு வந்து குவியும் வாரம். கமிஷன் கடை வாசலில் இருந்த விலைப் பலகையில் பதினோரு நாளாக ஒரே எண். யாரும் அழித்து எழுதாததால் சுண்ணாம்புக் கட்டியின் வெள்ளை மங்கியே போயிருந்தது.

ரேடியோ ஜீப்பிலிருந்து தலையை நீட்டினான். "என்னண்ணே, விலை ஏறலையா?"

டிராக்டரில் இருந்தவர் எரிச்சலோடு பார்த்தார். "எங்க ஏறும்? நாலாம் நம்பர் கூரை வரைக்கும் நிறைஞ்சு கிடக்காமே. தீவனக் கம்பெனிக்காரன் நாங்க கெஞ்சட்டும்னு உக்காந்திருக்கான். இந்தக் கிடங்குக்காரர்தான் வாங்குறாரு, அவர் வச்ச விலைக்கு."

நான்காம் நம்பர் கிடங்கின் வாசலில் முதலாளியே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, குறையாத புன்சிரிப்பு. அவருக்குப் பின்னால் காவலாளி, தரையைப் பார்த்தபடி. கதவைத் திறந்து காற்றாட விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. உள்ளே மக்காச்சோளம் மலையாகக் குவிந்து, கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் மஞ்சளாகக் கிடந்தது.

"பாவம், நல்ல மனுஷன்," என்றார் முதலாளி. "என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க."

"இந்த விலை எப்படி சார் நிக்குது?" என்றாள் சல்லடை, ஏதோ கடைக்கு வந்தவள் மாதிரி. "எனக்குத் தானிய வியாபாரம் தெரியாது."

முதலாளிக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. "அது பெரிய சங்கதிம்மா. மழை தப்பினா ஏறும். மக்காச்சோளத்துல பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குத்தான் போகுது. அதனால கோழிக்குச் சளி பிடிச்சா இதுக்குக் காய்ச்சல். மாவு ஆலை, சாராய ஆலை வாங்க ஆரம்பிச்சா ஏறும். வெளிநாட்டுல விளைச்சல் அமோகம்னு ஒரு சேதி வந்தா இறங்கும். கப்பல் ஒண்ணு துறைமுகத்துல நிக்குதுன்னா கப்பல்ல இருந்து ஒரு மணி இறங்கறதுக்கு முன்னாடியே விலை இறங்கிடும். டீசல் விலை, லாரி வாடகை, கோதுமை விலை, எல்லாம் சேர்ந்துதான்."

"கப்பலைப் பார்த்தே பயந்துடுதா? எங்க வீட்டுல என் மாமியார் வர்ற பஸ்ஸைப் பார்த்து நான் பயப்படுற மாதிரி," என்றான் ரேடியோ.

முதலாளி சிரித்தார். சல்லடை சிரிக்கவில்லை.

"ஒண்ணை விட்டுட்டீங்க சார்."

"எதை?"

"கிடங்குல இருப்பு எவ்வளவுங்கிறதை. மழையில இருந்து கப்பல் வரைக்கும் சொன்னீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி மலையா நிக்கறதை மட்டும் மறந்துட்டீங்களே."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நொடிதான். அதற்குள் புன்சிரிப்பைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். "அது சொல்லித்தான் தெரியணுமா?"

அப்போது ரேடியோவின் சட்டைக் கையில் ஏதோ ஊர்ந்தது. சின்னக் கறுப்பு வண்டு, மூக்கை நீட்டிக்கொண்டு.

"அக்கா! உயிரோட இருக்கு. மாத்திரை போட்டிருந்தா மனுஷன் சாகறதுக்கு முன்னாடி இது செத்திருக்கணும். மேஸ்திரி சொன்னது நிஜம். கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாம்."

"கதவு ஒரு நாளா திறந்து கிடக்கு," என்றார் முதலாளி நிதானமாக. "பக்கத்து மூணாம் நம்பர்ல வண்டு மொய்க்குது. இங்க வர்றதுக்கு அதுக்கு ஜீப் வேணுமா?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "நியாயம்தான். இது கோர்ட்ல நிக்காது மேடம். மணி ரெண்டரை."

ரேடியோ வண்டைத் தட்டிவிட்டான். பிடித்த ஒரே சாட்சியும் ஊர்ந்து போய்விட்டது. ஆத்திரம் தாங்காமல், "குவியலுக்கு நடுவுல இருக்கறது மூணாம் நம்பர்ல இருந்து வந்திருக்காதே. மேல போய்ப் பார்க்கறேன்," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலில் ஒரு காலை வைத்தான்.

"ஏறாதே!"

சல்லடை குரல் உயர்த்தி அவன் கேட்டதே இல்லை. காலை அப்படியே பின்னால் இழுத்தான். திரும்பிப் பார்த்தால் அவள் அவனைப் பார்க்கவில்லை. காவலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ கால் வைத்ததும் காவலாளி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருந்தார், விழப்போகிற பிள்ளையைப் பிடிப்பவர் போல. அந்தக் கைகளை இறக்க அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

"மாதிரி எடுக்கிற குழாய் எங்கே?" என்றாள் சல்லடை.

சுவரோரம் சாத்தியிருந்தது. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு நீளம், பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள். தானியத்துக்குள் குத்தினால் எந்த ஆழத்தில் என்ன சரக்கு இருக்கிறது என்பதை ஓட்டைக்கு ஓட்டை அள்ளிக்கொண்டு வரும்.

"தரம் பார்க்கிற ஆளுங்க இல்லாம மாதிரி எடுக்க விதி இடம் கொடுக்காது," என்றார் முதலாளி. இப்போது புன்சிரிப்பு இல்லை.

"போலீஸ் விதி இடம் கொடுக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது. "குத்துய்யா."

ரேடியோ தரையில் நின்றபடியே நெஞ்சு உயரத்தில் குழாயை வைத்து அழுத்தினான். கனமாகத்தான் போனது. ஒரு முழம், ஒன்றரை முழம். பிறகு 'பட்'டென்று ஏதோ கிழிந்தது. குழாய் தானாகவே உள்ளே ஓட, அவன் குவியலில் முகம் மோதி நின்றான்.

வெளியே இழுத்தார்கள். கைப்பிடிப் பக்கம் இரண்டு ஓட்டைகளில் மக்காச்சோளம். மீதி எல்லா ஓட்டையிலும் காற்று.

"மனுஷங்கதான் கம்பி நீட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் ரேடியோ மெதுவாக. "இங்க மக்காச்சோளமே கம்பி நீட்டியிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. ஜீப்பில் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் மண்வெட்டியால் பக்கவாட்டைச் சரித்தார்கள். மஞ்சள் தோல் உரிந்ததும் உள்ளே மரச்சட்டங்கள் தெரிந்தன. கூண்டு மாதிரி அடுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து, அதன் மேல் ஒன்றரை முழத்துக்குச் சோளத்தைப் போர்த்தியிருந்தார்கள். உச்சியில் தார்ப்பாயில் புதிதாக ஓர் ஒட்டு.

சல்லடை பொட்டலத்தைப் பிரித்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"பதினேழு மணி. எல்லாரும் தொழில்காரர் வாயில சோளம் இருந்தா என்னன்னு விட்டுட்டாங்க. ஒண்ணுல கூடப் பல்லு படல சார். கடிக்கிறவர் வாயில கடிபடாத சோளம் பதினேழு. அவர் அதை எடுத்து வாயில போட்டுக்கல. அதுவா உள்ள போயிருக்கு. மேல ஏறினார், தார்ப்பாய் கிழிஞ்சுது, சுத்தியிருந்த சோளமெல்லாம் அந்த ஓட்டையைத் தேடி வழிஞ்சு அவர் மேல மூடிடுச்சு. கத்தறதுக்கு வாயைத் திறந்திருக்கார்."

இன்ஸ்பெக்டர் ஒரு மணியை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கிடங்குச் சரக்கு எப்பவோ வித்துப் போயாச்சு. ஆனா சரக்கு இருக்குன்னு ஊர் நம்பற வரைக்கும் விலை தூங்கும். தூங்கற விலையில இந்த வாரம் வர்ற புதுச் சோளத்தையெல்லாம் இவர் வாங்கிக் குவிச்சுக்கலாம். அப்புறம் நாலாம் நம்பர் காலின்னு சேதியை அவிழ்த்துவிட்டா விலை எகிறும். நடுவுல இருப்புப் பார்க்க ஆள் வந்தா? அதுக்குத்தான் மண்டையோடு. வைக்காத மாத்திரைக்கு ஏழு நாள் காவல். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, மலையா இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க. பல்லுக்காரர் மட்டும் கடிக்காம எழுதமாட்டேன்னுட்டார்."

பிறகு அவள் காவலாளியிடம் திரும்பினாள். "ஒட்டுப் போட்டது நீங்களா, முதலாளியா?"

"நான் பிடிச்சுக்கிட்டேன்," என்றார் காவலாளி. "ஒட்டினது அவரு."

"வாயை மூடு," என்றார் முதலாளி.

காவலாளி மூடவில்லை. இரண்டு நாளாக மூடியிருந்த வாய் அது. "விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன்மா. மண்வெட்டியை எடுத்தேன். இவரு வந்து கையைப் பிடிச்சிட்டாரு. 'கொஞ்சம் பொறு'ன்னாரு. அப்ப உள்ள இருந்து தட்டற சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் வரல. அதுக்கப்புறம்தான் எடுத்து வாசல்கிட்ட போடச் சொன்னாரு."

ரேடியோ குவியலைப் பார்த்தான். சற்று முன் தான் கால் வைத்த இடத்தில் இன்னும் குழி அப்படியே இருந்தது. பசி போன இடம் தெரியவில்லை.

*

திரும்பி வரும்போது விலைப் பலகையில் புது எண் ஏறியிருந்தது. போலீஸ் ஜீப்பை விடச் சேதிக்கு வேகம் அதிகம். காலையிலேயே சரக்கை இறக்கிவிட்டவர்கள் காலி டிராக்டர்களில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணே முக்கால்," என்றான் ரேடியோ. "கால் மணி நேரம் மிச்சம் வச்சு ஜெயிச்சிருக்கோம் அக்கா. அந்தப் பொண்ணுக்கு அண்ணனையாவது மீட்டுக் கொடுத்தாச்சு."

சல்லடை வெளியே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் அவள் பேசவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், தட்டின சத்தத்தைச் சொல்லாமல் பூசி மெழுகினார். அண்ணன் அனுப்பிய செய்தி சத்தியமான உண்மை என்றார். மாத்திரை வைக்கவே இல்லை, கொலைப் பழி இனி முதலாளிக்குத்தான், அண்ணன் மேல் இல்லை. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு, இரண்டு நாளில் முதல் முறையாகச் சத்தமாக அழுதாள்.

மேஸ்திரியை வெளியே கொண்டுவந்தார்கள். அகலமான தோள், மூட்டை தூக்கிக் காய்த்த கழுத்து. தங்கையைப் பார்த்ததும் உதடு துடித்தது. அவள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோவுக்கும் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு ஜோக்கைத் தேடினான்.

"அண்ணே," என்றாள் அவள், கையை விடாமல். "அந்தச் சட்டத்தையெல்லாம் அடுக்கினது யாரு?"

மேஸ்திரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"யார்டுல உன் ஆளுங்களைத் தவிர ஒரு மூட்டையை ஒருத்தன் தொட முடியாதுன்னு சொல்லுவியே. தார்ப்பாய் விரிச்சு மேல சோளம் கொட்டினது யாரு?"

"முதலாளி ஒரு வாரம்தான்னாரு," என்றார் மேஸ்திரி. குரல் அவருடையது மாதிரி இல்லை. "மீறினா நாப்பது பேருக்கு வேலை போயிடும்னாரு. மாப்ள கேட்கவே இல்ல, உள்ள போயே தீருவேன்னு நின்னாரு. மாத்திரைக்குப் பயந்தாவது நிக்கட்டும்னு விட்டிருக்கலாம். மனசு கேட்கல. வாசல்லயே ரெண்டு மணியைக் கடிச்சுப் பார்த்துட்டு வந்துடுவாருன்னு நினைச்சேன்."

"அவரா?" அவள் அண்ணனின் கையை விட்டாள். "அவர் என்னைக்கு வாசல்ல நின்னு மாதிரி எடுத்திருக்காரு? மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு. மூணு இடத்துலயும் கடிச்சாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். வீட்டுல இருக்கற எனக்கே தெரியும். பதினஞ்சு வருஷம் கூட வேலை செஞ்ச உனக்குத் தெரியாதா?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். தெரியும் என்பது அந்தக் குனிவிலேயே இருந்தது.

"தைரியமா போங்கன்னு எழுதத் தெரிஞ்சுது. மேல ஏறாதீங்கன்னு எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

சல்லடை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ஜீப்பில் வரும்போதே அவளுக்கு இது தெரிந்திருந்தது என்று ரேடியோவுக்குப் புரிந்தது. அவளும் இதைச் சொல்லாமல் விட்டுவிடத்தான் நினைத்திருந்தாள் என்பதும் புரிந்தது. அவன் தேடிய ஜோக் எங்கேயும் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் இன்ஸ்பெக்டரிடம் போனாள். "சார், இவரை என்கூட அனுப்பாதீங்க."

"இது கொலை இல்லம்மா. கூண்டு கட்டினதுக்கும் பொய்க் கையெழுத்துக்கும் தனியா கேஸ் வரும். அது வரைக்கும் இங்க வச்சுக்க முடியாது."

"கொலை இல்லைன்னு எனக்கும் தெரியும் சார். உங்க புஸ்தகத்துல இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. என் வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம்னு சொல்லுங்க."

ஆஸ்பத்திரி உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. மேஸ்திரி அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே மெல்ல உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இன்ஸ்பெக்டர், "உன்னை விட்டாச்சுய்யா. கிளம்பலாம்," என்றார்.

"எங்க சார் போறது?" என்றார் மேஸ்திரி.